செஞ்சவங்க வாயால வரணும் – ஒரு கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

நான் கே.வி.குப்பம் பக்கம் ஒரு கிராமம். எங்க நைனா மிலிட்டரில ஹவில்தாரா இருந்து ரிடயர்டு ஆனவர். 87ல அமைதிப்படைன்னு ஸ்ரீலங்காவுக்கு அனுப்பினாங்களே, அதுல போனவர். அங்க இன்னா நடந்துச்சின்னு இன்னி வரைக்கும் வீட்ல யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசினது இல்ல. கேட்டா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடுவார்.

விஷயம் இன்னான்னா, போன மாசம் நீங்க எழுதின கட்டுரைல இஸ்ரேல் பிரதமரா இருந்த இட்சாக் ராபின பத்தி "சிப்பாயா ஆரம்பிச்சு சமாதானத்துக்காக உயிர விட்டவர்"னு ஒரு வரி வருது. படிச்சதும் எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. காஸாவுல நடக்கறத டெய்லி போன்ல பாத்துனு இருக்கோம். இந்த ராபின் தான 1948ல லிட்டாவுல இருந்த ஜனங்கள ஊர விட்டே தொரத்தினது? இந்த ராபின் தான எலும்ப ஒடைங்கன்னு சொன்னதா சொல்றாங்க? நோபல் கமிட்டி குடுத்துச்சு, சரி, நீங்களும் ஏன் அவருக்கு அந்தப் பேர குடுக்கறீங்க? ராத்திரி சாப்பிடும்போது இத நைனாகிட்ட சத்தமா சொல்லினு இருந்தேன். அவர் தட்ட பாத்துனே "அந்தாளு சிப்பாய்டா, அவனுக்குத் தெரியும்"னார். அதோட சரி. எனக்கு அதுல இன்னும் கோவம். இன்னா தெரியும் அவருக்கு? நீங்களாவது சொல்லுங்க.

– ஒரு வாசகர்


அன்புள்ள தம்பி,

உன் லெட்டர் வந்த அன்னிக்கே ரெண்டு தடவ படிச்சேன். பதில் எழுத ஒரு வாரம் ஆயிடுச்சு, ஏன்னா நீ கேட்ட கேள்வி ஒரு பக்கம்னா உங்க நைனா சொன்ன அந்த ஒரு வரி தான் என்ன விடவே இல்ல.

நீ கேட்டது நியாயமான கேள்வி. ராபின பத்தி எழுதின அந்த வரில நான் லிட்டாவையும் சேத்திருக்கணும், சேக்காதது தப்பு, இப்ப சொல்லிடறேன்.

1948 ஜூலை. ராபினுக்கு 26 வயசு. யிகால் அல்லோன்னு ஒரு கமாண்டர், அவருக்குக் கீழ ஆபரேஷன்ஸ் ஆபீசர். லிட்டா, ரம்லே ரெண்டும் டெல் அவீவ் பக்கத்துல இருந்த அரபு டவுனுங்க. இஸ்ரேல் படை உள்ள பூந்துச்சு, 12ஆம் தேதி லிட்டாவுல துப்பாக்கிச்சூடு, நெறய பேர் செத்தாங்க, அன்னிக்கே ஒரு ஆர்டர் போகுது, லிட்டா ஜனங்கள வயசெல்லாம் பாக்காம சீக்கிரம் வெளியேத்தணும்னு. கீழ ராபின் பேரு. ரெண்டு ஊரும் சேத்து 50,000 பேருக்கு மேல. ரம்லேகாரங்கள பெரும்பாலும் பஸ்சுல லாரில ஏத்தி அனுப்பினாங்க, லிட்டாகாரங்க நடந்தாங்க. குடியாத்தத்துலேர்ந்து பரதராமி வரைக்கும் நடக்கறதுன்னு வெச்சிக்கோயேன், கிட்டத்தட்ட அவ்ளோ தூரம், அதுவும் கத்திரி மாதிரி வெயில்ல, குழந்தைய தூக்கினு, ஆயாவ கைத்தாங்கலா புடிச்சினு, குடிக்க தண்ணி இல்லாம. வழியிலயே தாகத்துல செத்தவங்க உண்டு. அந்தக் கூட்டத்துல பெய்ரூட்ல டாக்டருக்குப் படிச்சினு இருந்த ஒரு லிட்டா பையன் இருந்தான், ஜார்ஜ் ஹபாஷ். பின்னாடி பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணிய ஆரம்பிச்சவர் அவர்தான். ரம்லேல ஒரு மளிகக் கடைக்காரர் புள்ள, 12 வயசு, கலீல் அல்-வசீர். பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தோட சேந்து ஃபத்தான்ற இயக்கத்த ஆரம்பிச்சவர். 40 வருஷம் கழிச்சு, 1988 ஏப்ரல்ல, துனிஸ்ல அவர் வீட்டுக்கே போய் இஸ்ரேல் கமாண்டோங்க சுட்டுக் கொன்னாங்க. அப்ப அங்க டிஃபென்ஸ் மினிஸ்டர் யாரு? ராபின் தான். 12 வயசுல ஊர விட்டு தொரத்தினதும் 52 வயசுல உயிர எடுத்ததும் ஒரே ஆளோட கைக்குள்ள வருது.

இவ்ளோவும் தெரிஞ்சு தான் அந்த வரிய எழுதினேன் தம்பி. இப்பவும் அத அழிக்கப் போறதில்ல. ஏன்னு சொல்றேன்.

ராபினுக்கு மிலிட்டரி ஆசையே கெடையாது. கலிலேயா பக்கம் கதூரின்னு ஒரு விவசாயப் பள்ளிக்கூடம், 1940ல அங்க நல்ல மார்க்கோட முடிச்சார். தண்ணி எஞ்சினியர் ஆவணும், கலிபோர்னியா போய் அந்தப் படிப்பு படிக்கணும்னு இருந்தவர். 1994ல நோபல் வாங்கும்போது பேசின பேச்சுல இத தான் சொல்றார், மத்த பசங்க கணக்கோட மல்லுக்கட்டினு இருக்கற வயசுல, 16 வயசுல, என் கைல துப்பாக்கி குடுத்தாங்க, என் கனவு அது இல்ல, வறண்ட பூமில தண்ணி எஞ்சினியர்னா முக்கியமான வேலைன்னு நெனச்சேன், இப்பவும் நெனைக்கறேன்னு. 72 வயசுல, ரெண்டு தடவ பிரதமர் ஆன ஒருத்தர், ஊரே எழுந்து கைதட்டற மேடைல நின்னு ஆவாம போன வேலைய சொல்றார். நம்ம பக்கம் இத கேட்டா யாருக்கும் புதுசா இருக்காது. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னே பேரு, வேலூர் மணிக்கூண்டுல முதல் உலகப்போருக்குப் போனவங்க கணக்கு கல்லுல வெட்டி வெச்சிருக்கு, அப்பலேர்ந்து இப்ப வரைக்கும் வீட்டுக்கு ஒருத்தர் போறோம், ஆனா ஏரில தண்ணி இருந்து நெலத்துல மூணு போகம் வெளஞ்சிருந்தா அதுல எத்தன பேர் ட்ரங்க் பெட்டிய தூக்கினு காட்பாடில ரயில் ஏறியிருப்பாங்க சொல்லு.

அத விடு, உன் கேள்விக்கு வரேன். உங்க நைனா "அவனுக்குத் தெரியும்"னு சொன்னாரே, இன்னா தெரியும்னு கேட்ட இல்ல?

1979ல ராபின் தன் வரலாற எழுதினார். அப்ப அவர் பதவில இல்ல, மொத தடவ பிரதமரா இருந்தது 77ல முடிஞ்சு போச்சு. அதுல லிட்டாவ பத்தி எழுதினார். ஜனங்கள இன்னா பண்றதுன்னு அல்லோன் கேட்டப்ப, அன்னிக்கு பிரதமரா இருந்த பென் குரியன் கைய வீசி தொரத்துங்கங்கற மாதிரி காட்டினார், லிட்டா ஜனங்க விரும்பி போவல, பலத்த காட்டித்தான் அனுப்பினோம், மனசளவுல நாங்க செஞ்ச ரொம்ப கஷ்டமான வேலைல அது ஒண்ணு, நம்ம பசங்கள்லயே சிலர் முடியாதுன்னுட்டாங்கன்னு. அங்க மினிஸ்டருங்க கமிட்டி ஒண்ணு இருந்துச்சு, பெரிய பதவில இருந்தவங்க எழுதினா அத பாத்துட்டு தான் அச்சுக்கு விடும். அந்தப் பகுதிய அப்படியே வெட்டிட்டாங்க. ஆனா இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவர் அத நியூயார்க் டைம்ஸ்கிட்ட குடுத்துட்டார், அக்டோபர்ல வெளிய வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் அவங்க நாட்டுல சொல்லினு இருந்தது இன்னா, ஜனங்க தாங்களாவே பயந்து போயிட்டாங்கன்னு. இல்ல, தொரத்தித்தான் விட்டாங்கன்னு வேற யார் சொன்னாலும் பொய்யின்னு ஒதுக்கிட முடியும், ஆர்டர்ல பேரு இருந்தவரே சொன்னா எப்படி ஒதுக்கறது?

அவர் மன்னிப்பு கேட்டார்னு நான் சொல்லல. கேக்கல. அப்ப வேற வழி இல்லன்ற மாதிரியே தான் எழுதினார், அது எனக்கு ஏத்துக்க முடியாத எடம். ஆனா நடந்தது நடந்துச்சின்னு எழுதினார். செஞ்சவங்க வாயால வரணும் தம்பி, மத்தவங்க நூறு பேர் சொன்னாலும் அந்த எடை அதுக்கு வராது. அங்கேர்ந்து தான் நான் அவர பாக்கறேன்.

இதே குணம் 1967 அரபு-இஸ்ரேல் சண்டையிலயும் தெரியும். அப்ப அவர் தான் இஸ்ரேல் தளபதி. சண்டைக்கு ரெண்டு வாரம் முன்னாடி, மே மாசம், எகிப்து படை சினாய்ல வந்து நிக்குது, இவருக்கு தூக்கம் இல்ல, சோறு இல்ல, சிகரெட் மேல சிகரெட், ஒரு நாள் அப்படியே விழுந்துட்டார். ஒரு நாளுக்கு மேல எழுந்துக்க முடியல. வெளிய நிகோடின் விஷம்னு சொன்னாங்க. நம்மால இத்தன பசங்க சாவப் போறாங்களேன்ற பாரம் அதுல இருந்துச்சின்னு பின்னாடி அவரே எழுதிட்டார். ஒரு தளபதி இத ஒத்துக்கறதுன்னா சாதாரணம் இல்ல. ஆறே நாள்ல ஜெயிச்சு ஊரே ஆடினு இருக்கு, ஜூன் 28ஆம் தேதி ஸ்கோபஸ் மலைல ஹீப்ரு யுனிவர்சிட்டி அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் குடுக்குது. அங்க போய் பேசினது, போர்முனைல இருந்தவங்களுக்கு ஜெயிச்ச சந்தோஷம் முழுசா இல்ல, பக்கத்துல இருந்தவன் ரத்தத்தோட விழறத பாத்தவங்க அவங்க, எதிரி குடுத்த வெலையும் அவங்க மனச தொட்டுச்சின்னு. எதிரி செத்ததையும் சேத்து சொன்னார், அந்த நேரத்துல.

ஆனா அதே ஆளு 1988ல இண்டிஃபாதா, அதாவது பாலஸ்தீன ஜனங்க எதிர்த்து எழுந்தப்போ, பலம், அடி இது தான் வழின்னு பேசினார். எலும்ப ஒடைங்கன்ற வார்த்தைய நான் சொல்லலன்னு மறுத்தார், ஆனா சிப்பாய்ங்க பாலஸ்தீன பசங்கள புடிச்சு கைய கால ஒடைச்சது உலகமே டிவில பாத்துச்சு, டிஃபென்ஸ் மினிஸ்டர்னா அது அவர் கணக்குல தான் வரும். இத நான் கொறைச்சு சொல்ல மாட்டேன். கல்லெடுத்து வீசற பையன எதிர்க்க பீரங்கியால முடியாது, ஒரு ஜனத்த மொத்தமா அடிச்சே ஆள முடியாதுன்னு அவருக்கு வெளங்கினது அங்க தான். யாரோ புத்தகம் படிச்சு குடுத்த ஞானம் இல்ல, தான் போட்ட உத்தரவே பலிக்காம போனத பாத்து வந்தது. அதுக்கு எத்தன பசங்க எலும்பு வெல ஆச்சுன்னு நெனச்சா எனக்கும் வயிறு எரியுது.

1992ல திரும்பவும் பிரதமர். நார்வேல ஆஸ்லோ பக்கம் பாலஸ்தீனத் தரப்போட ரகசியமா பேச்சு, 1993 செப்டம்பர் 13ல வாஷிங்டன்ல வெள்ளை மாளிகை புல்வெளில கையெழுத்து. அந்த வீடியோவ பாரு தம்பி, நான் பல தடவ பாத்திருக்கேன். அராஃபத் சிரிச்சினே கைய நீட்டறார், ராபின் ஒரு நிமிஷம் மொகத்த ஒரு மாதிரி வெச்சினு, தோள திருப்பினு, அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் ரெண்டு பக்கமும் கைய விரிச்சு நிக்க, அப்புறம் தான் கை போகுது. நெறய பேர் அத பெருமையா ஃபோட்டோ போடுவாங்க, எனக்கு அதுல புடிச்சதே அந்தத் தயக்கம் தான், புடிக்காததையும் செய்யறது அந்த ஒடம்புல தெரியுது. அன்னிக்கு அவர் பேசினத கவனி. ரத்தக்கறையோட சண்டைலேர்ந்து திரும்பி வந்த சிப்பாய்ங்க நாங்க, உங்களோட சண்ட போட்டவங்க நாங்க, பாலஸ்தீனர்களே உங்ககிட்ட சத்தமா தெளிவா சொல்றோம், ரத்தமும் கண்ணீரும் போதும், போதும்னார். நாங்க நல்லவங்கன்னு சொல்லல பாரு, கறையோட வந்தவங்கன்னு தான் சொன்னார்.

அதனால "சிப்பாயா ஆரம்பிச்சு" சமாதானத்துக்கு மாறினார்னு நான் எழுதினேனே, அந்த வார்த்தைய இப்ப திருத்தறேன். மாறவே இல்ல. கடைசி வரைக்கும் சிப்பாய் கணக்கு தான் போட்டார், எத்தன உயிர் போவும், எத மீட்க முடியும்னு. செத்துப் போறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி மேடைல சொன்னதும் அதே தான், 27 வருஷம் மிலிட்டரில இருந்தேன், சமாதானத்துக்கு வழி இல்லாத வரைக்கும் சண்ட போட்டேன், இப்ப ஒரு வழி இருக்குன்னு நம்பறேன்னு.

அந்தக் கணக்குலயே அவர் தப்பினதும் இருக்கு. ஆஸ்லோல ஜெருசலேம், அகதிங்க, 67ல புடிச்ச எடத்துல இஸ்ரேல் கட்டின குடியேற்றங்க, எல்லை நாலையும் அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வெச்சாங்க. லிட்டாலேர்ந்து நடந்தவங்களோட கேள்வி அந்த "அப்புறம்"ல தான் மாட்டினு இன்னும் நிக்குது. 1994 பிப்ரவரில ஹெப்ரான் மசூதில தொழுதுனு இருந்த 29 பேர ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்னப்ப, அந்த ஊர் நடுவுல இருந்த குடியேறிங்கள உடனே வெளியேத்த அவருக்கு நேரம் கெடச்சுது, செய்யல. 95 அக்டோபர்ல பார்லிமென்ட்ல பேசும்போது கூட பாலஸ்தீனத்துக்கு முழு நாடுன்னு சொல்லல, நாட்ட விட கொறைஞ்ச ஒரு அமைப்புன்னு தான் சொன்னார். அந்தப் பக்கம் பஸ்சுல குண்டு வெடிச்சு அவங்க ஜனங்களும் செத்தாங்க, டெல் அவீவ்ல ஒரே பஸ்சுல 22 பேர். அவர் நிறுத்தல, அதுக்காக அவர நான் மதிக்கறேன். பாதி வழில நின்னதும் உண்மை.

ஜோர்டான் விஷயம் மட்டும் முழுசா முடிஞ்சுது. 1994 அக்டோபர் 26, அரவா பாலைவனத்துல, பார்டர்லயே கூடாரம் போட்டு ஹுசைன் ராஜாவோட ஒப்பந்தம். 67ல இதே ராபின் கிட்ட மேற்குக்கரையையும் கிழக்கு ஜெருசலேமையும் எழந்தவர் அந்த ராஜா. அந்த ஒப்பந்தத்துல தண்ணிக்குன்னே தனியா ஒரு இணைப்பு இருக்கு, யார்முக் ஆத்துல யாருக்கு எவ்ளோ, ஜோர்டான் ஆத்துல எவ்ளோ, கோடைக்கு எவ்ளோ மழைக்காலத்துக்கு எவ்ளோ, அது போக ஜோர்டானுக்கு இன்னும் வருஷம் 5 கோடி கன மீட்டர் தேடி குடுக்க ரெண்டு பேரும் சேந்து வேல பாக்கணும்னு எழுதி வெச்சிருக்கு. தண்ணி எஞ்சினியர் ஆவணும்னு இருந்த அந்தப் பையன எனக்கு அங்க தான் பாக்க முடியுது. நம்ம பாலாத்துக்கும் 1892ல மெட்ராஸுக்கும் மைசூருக்கும் ஒப்பந்தம் இருக்கு தம்பி. 2016ல ஆந்திரா பக்கம் புல்லூர் தடுப்பணைய 5 அடிலேர்ந்து 12 அடிக்கு ஒசத்தினப்ப நம்ம ஜனங்க போய் கரைல நின்னு கத்தினாங்க, அந்தப் பக்கம் குப்பத்துல நெலம் காஞ்சி கெடக்கறவங்களும் நம்ம சொந்தக்காரங்க மாதிரி தான், பாதி பேர் வீட்ல தமிழ் பேசறவங்க, இங்க நம்ம பரதராமில பாதி பேர் வீட்ல தெலுங்கு. ஒரே நாட்டுக்குள்ள, ஒரு போரும் நடக்காம இருக்கற ரெண்டு ஜனத்துக்கு நடுவுல ஆத்துத் தண்ணி பேச இவ்ளோ கஷ்டம்னா, அவங்க அத பீரங்கி வெச்சினு இருந்த எல்லைல பேசி முடிச்சத நான் சின்ன விஷயமா நெனைக்க மாட்டேன். 30 வருஷம் தாண்டியும் அந்த ஒப்பந்தம் ரத்தாகாம நிக்குது.

1995 நவம்பர் 4, டெல் அவீவ்ல பெரிய கூட்டம் முடிஞ்சு கார் கிட்ட வரார், குண்டு தாங்கற சட்டை போடல, அவங்க ஆளே, 25 வயசு சட்டம் படிக்கற பையன், பின்னாலேர்ந்து சுட்டான். மேடைல எல்லாரோடயும் சேந்து பாடின சமாதானப் பாட்டோட பேப்பர் மார்புப் பைல மடிச்சு வெச்சிருந்தது ரத்தத்துல நனைஞ்சு கெடச்சுது. ரெண்டு நாள் கழிச்சு அடக்கத்துல ஹுசைன் ராஜா வந்து பேசினார், 67க்கு அப்புறம் ஜெருசலேம் பக்கமே வராதவர். எங்க எதிர்ப் பக்கத்துல நின்ன சிப்பாய், என் சகோதரன்னார். 1951ல அதே ஜெருசலேம்ல தன் தாத்தா அப்துல்லா ராஜாவ சுட்டப்ப 15 வயசு பையனா பக்கத்துல நின்னத சொல்லி, என் நேரம் வரும்போது என் தாத்தாவுக்கும் ராபினுக்கும் வந்த மாதிரி வரட்டும்னார். அவர சகோதரன்னு கூப்ட்டது அவர்கிட்ட தோத்த ராஜா, நடுவுல நின்னு பாத்தவங்க இல்ல.

இப்ப உங்க நைனா.

எங்க தாய்மாமா ஒருத்தர் 71 சண்டைல ராஜஸ்தான் பார்டர்ல இருந்தவர். வாயே தெறக்க மாட்டார், லீவுல வந்தா கேண்டீன் சாமான பங்கு போட்டு குடுத்துட்டு கழனிக்கு போயிடுவார். எழுபது வயசுக்கு மேல ஒரு நாள், நான் சும்மா பக்கத்துல உக்காந்து இருக்கேன், மோட்டார போட்டுட்டு மடை திருப்பினே சொன்னார், அந்தப் பக்கம் மணல் காட்டுல ஒரு ஊரு, ஜனங்க ஓடிட்டாங்க, ஒரே ஒரு கெணறு, நாங்க கம்பெனி மொத்தமும் குடிச்சு, கேன்ல ரொப்பினு, அடி வரைக்கும் எறச்சிட்டோம், ஓடாத கெழவி ஒண்ணு குடத்தோட வந்து கெணத்த எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம திரும்பிப் போச்சுடான்னு. அவ்ளோ தான். சுட்டத சொல்லல, செத்தத சொல்லல. அத நான் கேட்டு வாங்கல தம்பி, அவரா குடுத்தார், அதுக்கு 30 வருஷத்துக்கு மேல ஆச்சு.

உங்க நைனா தமிழ் பேசறவரு, தமிழ் பேசற ஊருங்களுக்குள்ள துப்பாக்கியோட அனுப்பினாங்க. அங்க ஒரு ஆயா அவர பாத்து இன்னா பேசியிருக்கும்னு அவருக்குப் புரியாம இருந்திருக்க வாய்ப்பே இல்ல. அந்தப் படைல நம்ம சிப்பாய்ங்க 1,000 பேருக்கு மேல செத்தாங்க, அந்த மண்ணு ஜனங்களும் செத்தாங்க, 1990 மார்ச்ல கடைசி கப்பல் வந்தப்ப இங்க மாலை போட்டு கூப்பிடவும் பெருசா யாரும் இல்ல. அப்படிப்பட்டவர் வாயிலேர்ந்து, தட்ட பாத்துனே, ஒரு வரி வந்திருக்கு. ராபின பத்தின வரின்னு நீ எடுத்துனு கோவப்பட்ட. எனக்கு அது ராபின பத்தினதா தெரியல.

அவர்கிட்ட இப்ப போய் ஸ்ரீலங்காவ பத்தி கேக்காத. லிட்டாவ பத்தி நான் எழுதினத அவருக்குப் படிச்சுக் காட்டு, அந்த முடியாதுன்னு சொன்ன சிப்பாய்ங்க வரியோட. நீ எதுவும் சொல்லாத, படிச்சிட்டு விட்டுடு. எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்னா கூடப் போய் வாளிய புடி.

வைகாசி ஒண்ணாந்தேதி கெங்கையம்மன் சிரசுக்கு நான் குடியாத்தம் வரேன். அன்னிக்கு சாயந்தரம் வீட்ல இருப்பீங்கன்னா சொல்லு, ஒரு எட்டு வந்து நைனாவ பாத்துட்டுப் போறேன்.